ஆஃப்ரிக்கன் சிக்லிட் வாங்கும்போது கலர மட்டும் பாத்து ஏமாறாதீங்க

சிக்லிட்ங்கிறது ஒரு மீன் குடும்பம். நம்ம தென்னாப்பிரிக்காவுல மீன் கடைக்குள்ள போனா ஒரு டேங்க்ல மஞ்சள், நீலம், வரி போட்டதுன்னு இந்த மீனுங்க குட்டி குட்டியா ஓடிட்டு இருக்கும், கண்ணாடி மேல "மிக்ஸ்டு ஆஃப்ரிக்கன்"னு ஒரு சீட்டு, மீன் பேரு இருக்காது, வெல மட்டும் இருக்கும். ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்) பக்கம் லெனேஷியாவா இருக்கட்டும், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தா இருக்கட்டும், நம்மாளுங்க வீட்டுல "ஒன்ன ஒன்னு கடிச்சு கொல்லுதுங்க"ன்னு பொலம்புறவங்க நெறைய பேரு இந்த டேங்க்லேர்ந்துதான் அள்ளிட்டு வந்திருப்பாங்க.

குட்டியில பாக்குற கலரு பெருசானா அப்படியே இருக்கும்னு நெனைக்காதீங்க. ஆரட்டஸ்னு ஒன்னு, மஞ்சள் ஒடம்புல கருப்பு வரி, குட்டியா இருக்கும்போது அவ்ளோ அழகு, உடனே நாலு வாங்கிருவாங்க. ஆம்பள மீன் வளர்ந்ததும் ஒடம்பு கருத்து வரி வெளிரிப்போயிடும், அதோட 4 அடி டேங்க் முழுக்க என்னோடதுன்னு எல்லாத்தையும் மூலைக்கு ஒதுக்கிரும், 10 செ.மீ. சொச்சம்தான் ஆளு ஆனா ரவுடி. கென்யி அதுக்கு நேர் தலைகீழ், குட்டியும் பொம்பளையும் நீலம், ஆம்பள பெருசானா மஞ்சளாயிடும், அதுவும் சண்டைக்காரன்தான். முதல் தடவ வளக்குறவங்க ரெண்டையும் தொடாதீங்க. மஞ்சள்தான் வேணும்னா எலக்ட்ரிக் எல்லோ எடுங்க, லேபிடோக்ரோமிஸ் செருலியஸ்னு முழுப் பேரு சொல்லிக் கேளுங்க, ம்புனாக்கள்ல, அதாவது மலாவி ஏரியில பாறைய ஒட்டி வாழுற சிக்லிட்கள்ல, சாதுவானது அதுதான். முழுப் பேரு சொல்லத் தெரியாத கடையில நான் சிக்லிட் வாங்க மாட்டேன், தீவனம் வேணா வாங்குவேன்.

அடுத்தது ஏரி. "ஆஃப்ரிக்கன்"னு ஒரே பேருல விக்கிறதெல்லாம் ஒரே எடத்து மீன் இல்லைங்க. மலாவி, டாங்கன்யிகா, விக்டோரியா மூணும் வேற வேற ஏரி. டாங்கன்யிகா தண்ணி மலாவியவிட காரத்தன்மை அதிகம், பி.ஹெச். 9 பக்கம் போகும். அங்கேர்ந்து வர்ற ஃப்ரண்டோசா 30 செ.மீ. வரைக்கும் வளரும், மெதுவா நீந்தும், மெதுவா சாப்புடும், அத கொண்டுபோய் துறுதுறுன்னு ஓடுற ம்புனா கூட போட்டா அது பட்டினி கெடக்கும், கொஞ்சம் பெருசாகி வாய் பத்துற அளவுக்கு வந்தாச்சுன்னா குட்டி மீன ஒன்னொன்னா முழுங்கிரும்.

சரி, மலாவி மட்டும்னு முடிவு பண்ணியாச்சு, அதோட முடிஞ்சிருச்சான்னா இல்ல. ஏரிக்குள்ளயே ம்புனா பாறைய ஒட்டி பாசி சுரண்டித் திங்குற கூட்டம், பீக்காக் மணல்ல பூச்சி புழு தேடுற சாந்தமான கூட்டம், ஹேப்ஸ்னு இன்னொரு கூட்டம், அதுல பல வகை மத்த மீன வேட்டையாடும். அதுல லிவிங்ஸ்டனியைன்னு ஒன்னு செத்த மாதிரி மணல்ல சாஞ்சு படுத்துக்கிட்டு, கிட்ட வந்து மொய்க்கிற குட்டிய லபக்குன்னு புடிக்கும், கடையில 5 செ.மீ. குட்டியா பாக்குறப்ப இதெல்லாம் தெரியாது. இதுங்கள ஒன்னா போட்டா சண்டைய விட சாப்பாடுதான் பெரிய தலைவலி. பீக்காக்குக்கு போடுற புரோட்டீன் அதிகமான தீவனத்த பாசி தின்னு பழகுன ம்புனா தினமும் தின்னா வயிறு உப்பி சாகும், மலாவி ப்ளோட்னு சொல்றது இதத்தான், மன அழுத்தமும் சேர்ந்தா இன்னும் சீக்கிரம். மாட்டு இதயம் அரைச்சுப் போடுற பழக்கம் இருந்தா ம்புனா டேங்க்ல அத மறந்துருங்க, ஸ்பைருலினாங்கிற பாசி கலந்த தீவனம் போதும்.

ஜோடியா வாங்குறது நம்ம ஆளுங்க விடாம பண்ற இன்னொரு தப்பு. லவ் பேர்ட்ஸ் இல்லைங்க இது. ஒரு ஆணு ஒரு பொண்ணுன்னா அந்த ஆணு தொரத்தியே பொண்ண சாகடிச்சிரும், முட்டைய வாய்ல வச்சு அடைகாக்குற தாய் கிட்டத்தட்ட 3 வாரம் ஒழுங்கா சாப்புடாது, அந்த நேரத்துலயும் ஆணு விடாது. ஒரு ஆணுக்கு 3, 4 பொண்ணு வேணும். பீக்காக்ல பொம்பளைங்க எல்லா வகையிலயும் ஒரே சாம்பல் கலரு, எது எந்த வகைன்னு கண்டுபுடிக்கவே முடியாது, கலந்து போட்டா கலப்புக் குட்டிதான் வரும், அதையே அடுத்தவனுக்கு வித்து அவன் டேங்க்லயும் குழப்பம். கலருக்காக மட்டும்தான்னா பீக்காக் ஆண்கள மட்டும், வகைக்கு ஒன்னா, ஒன்னுக்கொன்னு கலர் ஒரே மாதிரி இல்லாம வைங்க.

இப்ப நம்ம ஊர் பிரச்சனைக்கு வர்றேன். வெளிநாட்டு வீடியோல "டேங்க நெருக்கமா நெரப்புங்க, அப்பதான் சண்ட பரவலாயி ஒருத்தனுக்கே அடி விழாது"ன்னு சொல்லுவாங்க. உண்மைதான், 200 லிட்டர்ல 15 ம்புனா வைக்கிறவங்க உண்டு, ஆனா அதெல்லாம் ஃபில்டர் 24 மணி நேரமும் ஓடுற எடத்துல. நமக்கு லோட் ஷெடிங்! 2023 மாதிரி இப்ப மோசமில்லதான், ஆனாலும் கரண்ட் போகாதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல. மீன் நெருக்கமா இருந்தா ஆக்ஸிஜன் சட்டுன்னு கொறையும், மூடுன கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்னா உள்ள இருக்குற பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், கரண்ட் வந்ததும் அந்த நாத்தத் தண்ணி டேங்குக்குள்ள. நெருக்கமா வைக்கணும்னா முதல்ல பேட்டரி ஏர் பம்ப் ஒன்னும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்னும் வாங்கிட்டு அப்புறம் மீன் வாங்குங்க.

தண்ணி விஷயம் சுருக்கமா. ஜோபர்க் குழாத் தண்ணி இயல்பாவே லேசா காரம், பெருசா மாத்த வேண்டியதில்ல, ஆனா அதுல கிருமி கொல்லக் கலக்குற குளோரமைன் இருக்கு, ராத்திரி முழுக்க வாளில வச்சாலும் போகாது, அத முறிக்க மீன் கடையில விக்கிற வாட்டர் கண்டிஷனர் ஊத்தணும். கேப் டவுன் தண்ணி மென்மையானது, பவள மணலோ சுண்ணாம்புக் கல்லோ போடாம மலாவி மீன் வளக்காதீங்க. பாறைய மணல் மேல வைக்காம அடிக் கண்ணாடி மேல வச்சு சுத்தி மணல் போடுங்க, ம்புனா தோண்டித் தோண்டி பாறை சரிஞ்சா போச்சு.

ஒத்துவராத மீன என்ன பண்றது? வாங்கும்போதே திருப்பி எடுத்துப்பீங்களான்னு கடையில கேட்டுக்கோங்க. ஆத்துலயோ டேம்லயோ மட்டும் விடாதீங்க, சட்டப்படியும் தப்பு. தமிழ்நாட்டு ஜிலேபி கெண்டை இருக்குல்ல, அது இங்க தென்னாப்பிரிக்காவுல இருக்குற மொசாம்பிக் திலாப்பியாதான், அதுவும் சிக்லிட்தான், இந்தியாவுக்கு 1952ல கொண்டுபோனது. இங்க லிம்போப்போ ஆத்துப் பக்கம் வெளியிலேர்ந்து வந்த நைல் திலாப்பியா கூட கலந்து கலந்து அதோட சொந்த இனமே இப்ப ஆபத்துல இருக்கு.