ஏரிக்கரைப் பாத்தியில் முளைக்கீரை

சிங்கப்பூரில் கீரை போடுபவர்களுக்குத் தண்ணீர் கிடைப்பது கவலையில்லை, தேங்குவதுதான் கவலை. ஜூரோங் ஏரித் தோட்டத்தில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். ஊரில்போல் விதைக்கப் பட்டம் (பருவம்) பார்க்க வேண்டாம். டிசம்பர், ஜனவரி அடைமழையில் மட்டும் விதைப்பைத் தள்ளிப்போடலாம்.

மண்ணை 15 செ.மீ. ஆழம் கிளறி, 5 செ.மீ. உயரத்துக்கு மக்கிய உரம் கலக்கவும். முழுப் பாத்திக்கு 125 லிட்டர், அதாவது 25 லிட்டர் மூட்டை 5. ஈர மண்ணைக் கையில் பிடியுங்கள். கொழுக்கட்டைபோல நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் களியாக ஒட்டினால் கருக்கிய உமி சேருங்கள். தேங்காய் நார்த்தூள் வேண்டாம், அது ஈரத்தை இன்னும் பிடித்துவைக்கும்.

ஒரு சதுர மீட்டருக்கு அரைத் தேக்கரண்டி விதை தாராளம். ஒரு குவளை காய்ந்த வெள்ளை மணலில் கலந்து தூவினால், கறுப்பு விதை எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று கண்ணுக்கே தெரியும். மேலே மெல்லிய மண் போதும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. முதல் வாரம் கொசுவலையை ஒரு சாண் உயரத்தில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே மத்தியான மழையில் விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். அப்படியும் நாலைந்து நாளில் முளை காணோமென்றால், பெரும்பாலும் எறும்பு இழுத்துப் போயிருக்கும்.

இரண்டு இலை விட்டதும் நாலு விரல் இடைவெளி இருக்கும்படி மிச்ச நாற்றுகளைக் களையுங்கள். மனசு வராதுதான். ஆனால் நெருக்கத்தில் இலை காயாமல், அடிப்புறம் வெள்ளைக் கொப்புளம் கிளம்பும். அது வெண்துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியவும், உரக்குழியில் போட வேண்டாம். தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். அடி இலை மஞ்சளானால் மழை தழைச்சத்தைக் கரைத்துவிட்டது என்று பொருள். ஒரு கைப்பிடி மக்கிய கோழி எரு தூவினால் தெளியும்.

25 முதல் 30 நாளில் வேரோடு பிடுங்கலாம். தண்டை 5 செ.மீ. விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும், ஆனால் இலை சிறுக்கும்.

வீட்டுக்குக் கிளம்புமுன் வாளி, பூவாளி, தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவையுங்கள். ஏரிக்கரையில் டெங்கிக் கொசுவுக்கு ஒரு மூடித் தண்ணீர் போதும்.