உருது இலக்கிய வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

உருதுக் கவிதை பற்றித் தமிழில் எழுத வருகிறவர்கள் அவ்வப்போது கைப்பிரதியை என்னிடம் அனுப்புவார்கள். ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. முக்கால்வாசி ஒரு காலத்தில் நானும் எழுதித் தள்ளியவைதான். பெயர் உச்சரிப்பு, ஹிஜ்ரி ஆண்டுக் குளறுபடி இதையெல்லாம் மெய்ப்புப் பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தில்லியில் தொடங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தக்காணத்திலிருந்து தில்லிக்குப் போன கவிஞர் வலீ தக்கனியோடு உருதுக் கவிதை பிறக்கும், அடுத்து மீர் வளர்ப்பார், காலிப் உச்சிக்குக் கொண்டுபோவார். கட்டுரை முடிந்தது.

வலீ தில்லிக்குப் போனது 1700 வாக்கில். 15ஆம் நூற்றாண்டிலேயே தக்காணத்துப் பீதரில் நிஜாமி ‘கதம் ராவ் பதம் ராவ்’ என்ற கதைக் கவிதையை எழுதிவிட்டார். 1580 முதல் 1612 வரை கோல்கொண்டாவை ஆண்ட முகம்மது குலி குதுப் ஷா, ஹைதராபாத்தை உண்டாக்கிய அதே ராஜா, மழையையும் வசந்த விழாவையும் தன் காதலிகளையும் பாடி ஒரு பெரிய திவானையே (கவிதைத் தொகுப்பை) விட்டுப்போனார். பீஜப்பூரில் நுஸ்ரத்தி இருந்தார். 1686இல் பீஜப்பூரும் மறுவருடம் கோல்கொண்டாவும் ஔரங்கசீப்பிடம் விழுந்தன. கவிஞர்களுக்குச் சோறு போட்ட அரசவைகள் போயின. வலீ இந்த மரபின் பிள்ளை. இதை விட்டுவிட்டால் அவர் வானத்திலிருந்து குதித்தவர் மாதிரி நிற்பார்.

தவறின் ஊற்று பெரும்பாலும் முகம்மது ஹுசைன் ஆசாத் 1880இல் வெளியிட்ட ‘ஆபே ஹயாத்’ என்ற உருதுக் கவிஞர் வரலாறு. படிக்க அவ்வளவு சுவை, வம்பே அதுதான். வலீயை உருதுக் கவிதையின் ஆதாமாக உட்காரவைத்தவர் ஆசாத். தன் ஆசான் ஜவுக்குக்குத் தாராளமாக இடம் கொடுத்தவர், அதே காலத்து மோமினை முதல் பதிப்பில் சேர்க்கவே இல்லை. லக்னோ முஷாயிராவுக்குள் (கவியரங்கத்துக்குள்) மீர் பழைய பாணி உடையில் நுழைய, கூட்டம் சிரிக்க, ‘பாழாய்ப்போன தில்லிக்காரன் நான்’ என்று அவர் பாடி வாயடைத்ததாக ஒரு காட்சி வரும். அந்த வரிகள் மீரின் திவான்களில் கிடையாது. ஆனால் கட்டுரைகளில், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதுகிறார்கள்!

வாணியம்பாடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் சிற்றிதழில் தொடர் எழுதினார். வீட்டில் பாட்டியோடு பேசுவது தக்கனி, அதாவது தக்காணத்து உருது. தொடர் தில்லியில் தொடங்கி, பாதி அச்சாகியும் விட்டது. “தம்பி, குலி குதுப் ஷா எங்கே?” என்று கேட்டேன். “அது தக்கனி சார், உருது இல்லையே” என்றார். அப்புறம் நடுவில் ‘முன்கதை’ என்று ஒரு அத்தியாயத்தைச் செருகி ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. அதற்கு முன் எழுதிய ‘முதன்முதலில்’கள் அத்தனையும் அச்சில் அப்படியே நிற்கின்றன.

ஆசாதைத் தாராளமாக ரசியுங்கள். சம்பவத்துக்கும் தேதிக்கும் திவான்களையும் பழைய தஸ்கிராக்களையும் (கவிஞர் குறிப்புத் தொகுப்புகளையும்) பாருங்கள். மீரே 1752இல் ஒரு தஸ்கிரா எழுதியிருக்கிறார். தக்காணத்துக் கவிஞர்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை. அப்படிப்பட்டவரே ரேக்தா, அதாவது அன்றைய உருதுக் கவிதை, தக்காணத்தில்தான் தொடங்கியது என்று அதில் ஒப்புக்கொள்கிறார்.

காலிப் பெயரில் வருவதெல்லாம்

திவானில் தேடுங்கள். வாட்ஸப்பில் வந்ததா? காலிப் எழுதியது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கஜலுக்குள் கதை தேடுவது

முதல் ஷேரில் (ஈரடியில்) சந்திப்பு, மூன்றாவதில் பிரிவு, கடைசியில் மரணம் என்று கோத்துவிடுகிறார்கள். கஜலைக் கட்டிவைப்பது சந்தமும், காஃபியா (இயைபு), ரதீஃப் (அதன்பின் திரும்பத் திரும்ப வரும் சொல்) இரண்டும்தான். பொதுவாக ஒவ்வொரு ஷேரும் தனியாள். கடைசி ஷேரான மக்தாவில் கவிஞர் பெயர் வருகிறதே என்று அதை வாழ்க்கை வரலாறாக்குவது இன்னும் மோசம். ரியாஸ் கைராபாதி மதுவைப் பாடியே பேர் வாங்கியவர், குடித்தவர் இல்லை.

1857இல் முடித்துவிடுவது

1857 கிளர்ச்சியோடு உருதுக் கவிதை முடியவில்லை, திசை மாறியது. 1874இல் லாகூரில் ஆசாதும் கவிஞர் ஹாலியும் கலந்துகொண்ட முஷாயிராக்களில், எல்லோரும் பின்பற்றி எழுத மாதிரி அடி கொடுக்கும் பழைய வழக்கத்தை விட்டுத் தலைப்பு கொடுத்தார்கள். ஹாலி மழைக்காலத்தை நஜ்மாக (ஒரே பொருளைத் தொடர்ந்து சொல்லும் கவிதையாக) பாடியது அங்கேதான்.

உரைநடை

சிறுகதையாளர் மண்டோவில் தொடங்குகிறவர்கள் கவனிக்க: வஜ்ஹியின் தக்கனி உரைநடை நூல் ‘சப்ரஸ்’, 1635.