தேவையும் ஆசையும்: பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது நாம் செய்யும் தவறுகள்

"அம்மா, தண்ணி வேணும்."

"அம்மா, ரிமோட் கார் வேணும்."

தமிழ் பேசும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். தாகத்துக்கும் வேணும், பொம்மைக்கும் வேணும். கீழே விழுந்தால் "உனக்கு நல்லா வேணும்". 'தேவை' என்ற சொல் வீட்டில் காதில் விழாமல் இல்லை. எப்போது விழுகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். "தேவையில்லாம பேசாதே." "இப்போ இது உனக்குத் தேவையா?" பெரும்பாலும் திட்டும்போதுதான். 'ஆசை'யும் அப்படித்தான்: "ரொம்ப ஆசைப்படாதே."

நாம் உட்கார வைத்துச் சொல்லித் தரத் தொடங்கும் முன்பே, இந்த இரண்டு சொற்களும் பிள்ளையின் மனதில் 'இல்லை' என்று சொல்வதற்கான சொற்களாகப் பதிந்துவிடுகின்றன. நான் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வகுப்பில் பார்த்ததையும் வீட்டில் நானே செய்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பொருட்களை இரண்டு கட்டமாகப் பிரித்துவிடுவது

சோறு, சட்டை, வீடு இந்தப் பக்கம். பொம்மை, சாக்லேட், டிவி அந்தப் பக்கம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தப் படப் பயிற்சி ஒரு தொடக்கம், சரி. ஆனால் பத்து வயதிலும் அங்கேயே நின்றால் பிள்ளை தவறாகத்தான் புரிந்துகொள்ளும். ஏனென்றால் தேவையா ஆசையா என்பது பொருளில் இல்லை, அந்தப் பொருளை வைத்திருக்கும் ஆளின் நிலைமையில் இருக்கிறது.

சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருக்கும் பையனுக்கு அது ஆசை. நான்கு கிலோமீட்டர் நடந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் பெண்ணுக்கு அது இல்லாவிட்டால் படிப்பே நின்றுபோகலாம். அதனால்தான் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறார்கள். டிவியும் அப்படித்தான். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஸ்மார்ட்போன் இல்லாத எத்தனையோ வீடுகளில் கல்வித் தொலைக்காட்சிதான் வகுப்பறை. நாம் 'ஆசை' பக்கம் ஒட்டி வைத்த படம் அந்த வருடம் பக்கம் மாறிவிட்டது.

ஆகவே "இது தேவையா, ஆசையா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். "இது இல்லாவிட்டால் எது நின்றுபோகும்?" என்று கேட்கிறேன். பிள்ளைகள் இதற்கு யோசித்துத்தான் பதில் சொல்கிறார்கள். "ஒண்ணும் நிக்காது, ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது பாடத்தைப் புரிந்துகொண்டுவிட்டது.

இன்னொன்று. பெரும்பாலான பொருட்களில் தேவையும் ஆசையும் சேர்ந்தேதான் இருக்கும். இரண்டு வருடம் முன்பு ஜூனில் மகளுக்குப் பள்ளிப் பை வாங்கப் போனோம். சாதாரணப் பை 600 ரூபாய். கார்ட்டூன் படம் போட்டது 1100. அளவு ஒன்று, துணியும் ஒன்று. "பை வீட்டுச் செலவு, 600 நான் தரேன். படம் உன் உண்டியல் செலவு" என்றேன். கடையிலேயே பத்து நிமிடம் நின்று யோசித்துவிட்டுப் படம் போட்டதைத்தான் எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. பையில் எவ்வளவு பை, எவ்வளவு படம் என்று அவளே பிரித்துப் பார்த்து, தன் காசைக் கொடுத்து எடுத்த முடிவு அது. அதில் நான் குறுக்கிட்டிருந்தால், அந்தக் காசு அவளுடையது என்று நான் சொன்னதே பொய்யாகியிருக்கும்.

'காசு இல்லை' என்று சொல்வது

கடையில் "காசு இல்லடா" என்று இழுத்துக்கொண்டு வருகிறோம். மாலையில் வீட்டுக்கு நமக்கு ஒரு பார்சல் வருகிறது. பிள்ளை இதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அப்பா அம்மாவிடம் காசு இருக்கிறது, எனக்குத்தான் இல்லை என்பதுதான் அது கற்றுக்கொள்ளும் பாடம்.

காசு இருந்தால், "காசு இருக்கு, இந்த மாசம் இதுக்கு எடுத்து வைக்கலை" என்று சொல்லிவிடுங்கள். நிஜமாகவே இல்லாத மாதங்களும் வரும். அப்போதும் உண்மையைச் சொல்லலாம், பயமுறுத்தாமல். "இந்த மாசம் வாடகைக்கும் பாட்டி மருந்துக்கும் போயிடுச்சு, அடுத்த மாசம் பார்ப்போம்" என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் காசையே பார்ப்பதில்லை. போனைக் காட்டுகிறோம், கடையில் இருக்கும் ஸ்பீக்கர் தொகையைச் சொல்கிறது, பொருள் கைக்கு வருகிறது. எதுவும் குறைந்ததாகத் தெரிவதில்லை. மாதத்தில் ஒரு முறையாவது மளிகைச் செலவை நோட்டாக எடுத்து, லிஸ்ட்டைப் பிள்ளையை எழுதச் சொல்லி, காசையும் பிள்ளை கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். எண்ணெயும் பருப்பும் வாங்கிய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பத்து வயது ஆகிவிட்டால் தபால் நிலையத்தில் பிள்ளை பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், குறைந்தது 500 ரூபாய் போதும்.

'அப்புறம் வாங்கித் தரேன்' என்று சொல்லி மறந்துவிடுவது

பொறுத்திருக்கத் தெரிய வேண்டும் என்று பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம். பொறுத்திருந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கையை நாம் கொடுத்திருக்கிறோமா?

அமெரிக்காவில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு ஆய்வு 2013-இல் வெளியானது. மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 பிள்ளைகள். படம் வரைய உட்கார வைத்து, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டு வந்து கொடுத்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, இல்லை என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் மார்ஷ்மெல்லோ என்ற மிட்டாய் ஒன்றை வைத்து, 15 நிமிடம் சாப்பிடாமல் இருந்தால் இரண்டாவதும் கிடைக்கும் என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடம்தான்.

ஏமாந்த பிள்ளை அவசரக்காரப் பிள்ளை இல்லை. இவர்களை நம்பிக் காத்திருந்து பயனில்லை என்று சரியாகக் கணக்குப் போட்ட பிள்ளை. தீபாவளிக்கு என்று சொன்னால் தீபாவளிக்கு வாங்கிவிடுங்கள். முடியாது என்று தெரிந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அழுவார்கள், பரவாயில்லை.

அதேபோல் மூன்று முறை 'இல்லை' சொல்லிவிட்டு, கடைக்குள் உருண்டு அழுததும் நான்காவது முறை வாங்கிக் கொடுப்பது. எவ்வளவு சத்தமாக அழுகிறோமோ அவ்வளவு பெரிய தேவை என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். தாத்தா பாட்டி வாங்கிக் கொடுப்பதைப் பற்றி நிறையப் பேர் குறைப்படுகிறார்கள். எனக்கு அதில் பெரிய தவறு தெரியவில்லை. மாதம் ஒரு பொருள் என்று அவர்களோடு பேசி வைத்துக்கொண்டால் போதும்.

ஆசையைக் குற்றமாக்குவது

"எங்க காலத்துல ஒரு பென்சிலை ரெண்டாக்கி எழுதினோம்" என்று சொன்னால் பிள்ளைக்கு அந்தப் பென்சில் தெரியாது. தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்பது மட்டும் தெரியும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் ஒரு 'ஆசை நோட்டு' இருக்கிறது. பிள்ளைகள் எது கேட்டாலும் தேதி போட்டு அதில் எழுத வேண்டும். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்ப்போம். பாதிக்கு மேல் அவர்களே அடித்துவிடுவார்கள். என் மகன் நான்கு மாதம் அடிக்காமல் வைத்திருந்தது ஒரு பூதக்கண்ணாடி. எறும்பு பார்ப்பதற்காம். அது இல்லாவிட்டால் எதுவும் நின்றுபோகாது. ஆனாலும் வாங்கினோம்.

நோட்டில் பெரியவர்களும் எழுத வேண்டும். பிள்ளைகளின் ஆசைக்கு ஆசை என்று பெயர் வைத்துவிட்டு, நம்முடையதற்கு 'அவசியம்' என்று பெயர் வைக்கிறோம். பாலில் கலக்கும் மாவு பானங்கள் ஒரு நல்ல உதாரணம். பிள்ளை வளர அது கட்டாயம் என்று நம்பித்தான் நிறையப் பேர் மாதாமாதம் வாங்குகிறோம். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற பிரிவில் காட்டக் கூடாது என்று இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அந்தச் செய்தியை நான் மகளோடு சேர்ந்து படித்தேன். சுவைக்காக வாங்கலாம், தேவை என்று நினைத்து வாங்க வேண்டியதில்லை என்று அவளே சொன்னாள்.

தேவையைப் பரிசாக்குவது

"தொண்ணூறு எடுத்தா புது செருப்பு." பழைய செருப்பு அறுந்திருந்தால் அது பரிசு இல்லை. மார்க் குறைந்தால் வெறுங்காலோடு போக வேண்டுமா? ஆசைக்கு நிபந்தனை வைக்கலாம், தேவைக்கு வைக்கக் கூடாது. "உனக்குச் சோறு போட்டு வளர்க்கிறேன்" என்று சொல்லிக் காட்டுவதும் இதே தவறுதான்.

கேட்காத பிள்ளை

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது இதுதான். ஆசையைத் தேவை என்று அடம் பிடிக்கும் பிள்ளையைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். தேவையை ஆசை என்று நினைத்து விழுங்கிவிடும் பிள்ளை கண்ணில் படுவதே இல்லை. "தங்கமான பிள்ளை, எதுவுமே கேட்காது" என்று பாராட்டவும் செய்கிறோம்.

என் வகுப்பில் ஒரு பையன் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுகிறான் என்று இரண்டு முறை திட்டியிருக்கிறேன். மூன்றாவது முறை கேட்டேன்.

"போர்டுல எழுதுறது தெரியலையா?"

"தெரியல டீச்சர்."

"எப்போ இருந்து?"

"அஞ்சாவதுல இருந்து."

"வீட்டுல சொல்லலையா?"

"கண்ணாடிக்குச் செலவாகும்ல டீச்சர்."

பள்ளியில் நடக்கும் அரசுக் கண் பரிசோதனையில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். அது அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்பா மறுநாளே வந்தார். கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது செய்திருப்பார், அப்படிப்பட்டவர். "தேவையில்லாம எதுவும் கேக்காதடான்னு சொல்லித்தான் டீச்சர் வளர்த்தோம்" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

பெண் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். அண்ணனுக்கு கிரிக்கெட் மட்டை வாங்குவது எப்படியோ வீட்டுச் செலவில் சேர்ந்துவிடும். தங்கைக்கு நாப்கின் வாங்குவது தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய விஷயமாக இருக்கும். கேட்கக் கூச்சப்பட்டு, ஒன்றையே நாள் முழுக்க வைத்துக்கொண்டு வகுப்பில் நெளியும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் மகனும் மகளும் இருந்தால், போன மாதம் இருவருக்கும் எதை எதை 'தேவை' என்று வாங்கினோம் என்று தனித்தனியே எழுதிப் பாருங்கள்.

இதற்காக நான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் மூன்று கேள்வி: "ஏதாவது கிழிஞ்சிருக்கா? இறுக்குதா? வலிக்குதா?" என்ன வேணும் என்று கேட்பதில்லை, அதற்கு நோட்டு இருக்கிறது.

போன மாதம் மகள் சொன்னாள், ஷூ இறுக்குகிறது என்று. எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரம். காலைப் பார்த்தேன், சுண்டு விரல் ஓரம் கொப்புளம் காய்ந்து கிடந்தது. அன்று மாலையே போய் ஒரு அளவு பெரியதாக வாங்கினோம். திரும்பி வரும்போது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் இறுக்கும் அன்றே சொல்லலாம் என்றேன். "திட்ட மாட்டியே?" என்று கேட்டாள்.