பேட்டரிக்கு அடியில் ஒளிந்திருக்கும் துரு

தூத்துக்குடி உப்புக்காற்று வண்டியைச் சும்மா விடாது. என் 1998 மாருதி 800-க்கு வருஷத்தில் இரண்டு தடவை பானெட்டைத் திறந்து, என்ஜினைத் துடைத்துத் துருவைச் சுரண்ட உட்கார்ந்துவிடுவேன்.

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியில் முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தருவது), ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பாலித்தீன் பையால் இறுக்கிக் கட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மேல் அதைக் கரைக்கும் டீகிரீசர் அடித்து 5 நிமிஷம் ஊறவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை இங்கே காட்டவே கூடாது. கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கி, இரண்டு நாள் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தவித்திருக்கிறேன்.

பெரிய வேலை பேட்டரிக்கு அடியில்தான். அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பாருங்கள்: பேட்டரி உட்காரும் இரும்புத் தட்டின் மூலையில் பெயின்ட் அப்பளம் போல உப்பி நிற்கும், ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் நொறுங்கிச் செம்மண்ணாய்க் கொட்டும். கசிந்த ஆசிட் செய்த வேலை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து, நுரை வருவது நிற்கும்வரை ஊற்றுங்கள். கழுவிக் காயவிட்டு, வயர் பிரஷ், பிறகு 80-ஆம் நம்பர் எமரி பேப்பர். வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். ஈரத்தோடு பெயின்ட் அடித்தால் உள்ளுக்குள்ளேயே அரிக்கும், அவசரப்படாதீர்கள். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். மறுநாள் கறுப்பு எனாமல் இரண்டு கோட்.

மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். டெர்மினல் மேல் வாஸ்லின் தடவிவிடுங்கள்.