கிரியேட்டினினுக்கு ஒரு நோட்டு

அண்ணனுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று தெரிந்ததும் எல்லோருக்கும் கழுத்துக் கட்டியைப் பற்றித்தான் கவலை. சிறுநீரகம் யார் நினைவிலும் இல்லை. ஆறு சுற்றுக் கீமோவுக்கும் கூட இருந்தவள் நான். வீட்டில் எதைக் கவனிக்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் அது கூடும். கீமோ தொடங்கும் முன் எடுத்த அதன் அளவை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அண்ணனுக்கு 0.8. மூன்றாவது சுற்றுக்கு முன் 1.2 வந்தது. ரிப்போர்ட்டில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை, 'நார்மல்'தான். ஆனால் பழைய அளவில் பாதி கூடியிருக்கிறதே! நோட்டை நீட்டியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை ஏதாவது?" அண்ணன் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுவலிக்கு எனக்குத் தெரியாமல் பத்து நாளாக டைக்ளோஃபினாக் போட்டிருக்கிறார். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரை அது. நிறுத்தியபின் அளவு மெல்ல இறங்கியது. அதனால் மருந்து டப்பாவையே கையோடு கொண்டுபோங்கள். அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து ஏற்றிக்கொள்பவர்கள் வயிற்றெரிச்சல் மாத்திரையைக்கூடச் சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட் உடம்பிலிருந்து வெளியேறுவதைச் சில வயிற்றெரிச்சல் மாத்திரைகள் தாமதப்படுத்தலாம்.

முதல் கீமோவுக்குப் பிந்தைய மூன்று நாள்தான் எனக்குத் தூக்கமில்லாத நாட்கள். வேகமாக வளரும் வகை லிம்போமா என்றால் புற்றுச் செல்கள் ஒரேயடியாக உடைந்து யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்தில் கொட்டும்; சிறுநீரகம் திணறிப்போகலாம். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள். சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து நேரத்தோடு குறியுங்கள். அண்ணனுக்கு வெட்கம், இரண்டாம் நாள் அவரே குறிக்க ஆரம்பித்துவிட்டார். சிறுநீர் குறைந்தாலோ, தசை பிடித்து இழுத்தாலோ, படபடப்பு வந்தாலோ நடுராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

தண்ணீர் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். இதயக் கோளாறோ வீக்கமோ இருந்தால் நிறையக் குடிப்பதே வினையாகும்.

காலையில் கழிவறை போய்வந்ததும் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அப்புறம், சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால் புரதம் ஒழுகுகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஹாட்ஜ்கின் என்ற லிம்போமா வகையில் சிலருக்குக் கட்டி தெரிவதற்கு முன்பே இப்படி வருவதுண்டு. லிம்போமாவுக்கு வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் இதுவும் அடங்கும்.

ஸ்கேனுக்குச் சாய ஊசி போடுமுன் நோட்டை அங்கேயும் காட்டுங்கள்; சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அந்தச் சாயமும் அதைப் பாதிக்கலாம். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.