மணியின் சொறியும் கொடை வேட்டும்

எங்கள் நாய் மணி சிப்பிப்பாறைக் கலப்பு. போன சித்திரையில் வயிறு, தொடையெல்லாம் முடி கொட்டிச் சிவந்துபோய், ராத்திரி முழுக்கப் பாதத்தை நக்கிக்கொண்டே கிடந்தான். பக்கத்து வீட்டு ஆச்சி பேச்சைக் கேட்டு வேப்பெண்ணெயை அப்படியே பூசினேன், அவன் அதையும் நக்கி வாந்தி எடுத்தான்.

அப்புறம்தான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, சொறிப்பூச்சி இல்லை, உண்ணிக்கடி ஒவ்வாமை, அதன்மேல் பூஞ்சை என்றார்கள். உண்ணிக்கு மாத்திரை, வாரம் 2 தடவை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி ஷாம்பு. நுரையை 10 நிமிஷம் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும், உடனே கழுவினால் காசு தண்ணியோடு போச்சு. உண்ணி நாய்மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பில்தான் அதிகம் ஒளிந்திருக்கும், அதனால் அவன் படுக்கிற திண்ணைச் சந்துகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தேன்.

தோல் ஆறியும் நக்குவது நிற்கவில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவன்றுதான் பிடிபட்டது. வேட்டுச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டு அதே பாதத்தை நக்குகிறான்! பயத்தில் நக்க, ஈரம் காயாமல் பூஞ்சை திரும்ப வருகிறது.

அந்தப் பயத்தைப் போக்க, செல்போனில் வேட்டுச் சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாமலும் வைத்து, கூடவே முள்ளெடுத்த அவித்த சாளை மீன் கொடுத்தேன். அவன் சட்டை பண்ணாமல் தின்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டுவேன், காது விறைத்தால் குறைத்துவிடுவேன். இரண்டு மாசம் ஆனது. தீபாவளிக்கு உள்ளறையில் மின்விசிறியும் ரேடியோவும் ஓட, பழைய போர்வையில் படுத்திருந்தான். நடுங்கினான்தான், ஆனால் பாதம் காய்ந்தே இருந்தது.