டிவி படம் யாருக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும்? வீட்டில் பேசி முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

வீட்டில் புதிதாக ஒரு டிவி வந்துவிட்டால், அதன் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் சில நாட்களிலேயே கருத்து வேறுபாடு முளைத்துவிடுகிறது. நிறம் பளிச்சென்று இருந்தால்தான் ஒருவருக்குத் திருப்தி; அதே நிறம் இன்னொருவரின் கண்ணை உறுத்துகிறது. ஒருவர் செட்டிங்ஸை மாற்றிவிட்டுப் போக, அடுத்தவர் வந்து பழையபடி மாற்றுகிறார். மூன்றாமவர் "எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது" என்கிறார். விவரம் தெரிந்தவராகக் கருதப்படுபவரோ, மற்றவர்களுக்கு ரசனை போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் அந்தக் கடைசி இடத்தில் இருந்தவன் நான். அப்போது எனக்குப் புரியாமல் போன ஒன்றையே இந்த வழிகாட்டிக்கு அடிப்படையாக வைக்கிறேன்: இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை ரசனையால் வருபவை அல்ல. உட்காரும் இடம், கண்ணின் நிலை, அறையின் வெளிச்சம், பார்க்கும் நிகழ்ச்சி ஆகிய நான்கும் ஆளுக்கு ஆள் மாறுவதால் வருபவை. எனவே ரிமோட்டைக் கையில் எடுப்பதற்கு முன் இந்த நான்கையும் கவனிக்க வேண்டும்.

உட்காரும் இடம்

ஒரு அளவுநாடாவை எடுத்து, ஒவ்வொருவரும் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து திரை வரை எவ்வளவு தொலைவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இயல்பான பார்வைத்திறன் கொண்ட கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோண இடைவெளி இருந்தால்தான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். டிவி படமும் பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளால் ஆனதுதான். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். அதில் 1,920 புள்ளிகள் அகலம் கொண்ட முழு எச்டி படம் ஓடினால், ஒரு புள்ளியின் அகலம் 0.63 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், சுமார் 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் புள்ளிகளே தனியாகத் தெரியா. அதைப்போல் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே படத்தின் கூடுதல் நுணுக்கமும் அவரிடம் போய்ச் சேராது. இந்த எல்லை 43 அங்குலத் திரைக்கு 1.7 மீட்டர், 65 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ 2.6 மீட்டர். எனவே, பின்னால் இருக்கும் நாற்காலியிலிருந்து "எனக்கு வித்தியாசம் தெரியவில்லை" என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார். அவரை நம்பவைக்க முயல்வதை விட்டுவிட்டு, உங்கள் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொள்வது மேல்.

பக்கவாட்டில் உட்காருபவரின் குறையும் இதே போன்றதுதான். எல்சிடி திரைகளில் ஒரு வகை, நேராகப் பார்க்கும்போது ஆழமான கறுப்பைக் காட்டினாலும், ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஓஎல்இடி திரைகளில் இந்தக் குறை மிகக் குறைவு. படம் வெளுத்திருக்கிறது என்று ஒருவர் விடாமல் சொன்னால், ஒரு மாலை அவருடைய இடத்தில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். பல நேரங்களில் செட்டிங்ஸைத் தொடாமலே, டிவியின் நிலையைச் சற்றுத் திருப்பி வைப்பதோடு வேலை முடிந்துவிடும்.

கண்

நிறத்தையும் ஒளியையும் கூட்டிப் பளிச்சென்று காட்டும் 'விவிட்' மோடில்தான் எங்கள் அப்பா எப்போதும் டிவி பார்ப்பார். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் அதைச் சற்று மங்கலாகவும் மஞ்சள் சாயலோடும் காட்டும் 'சினிமா' மோடுக்கு மாற்றிவிட்டு, அவரிடம் சொல்லாமலே கிளம்பிவிடுவேன். படம் மஞ்சள் பூத்தாற்போல இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பின்னர் அவருக்கு இரண்டு கண்களிலும் கண்புரை இருப்பது தெரியவந்து, அறுவை சிகிச்சை நடந்தது. கண்புரை வந்த கண்ணின் வில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தையும் சிதறடிக்கும். ஏற்கெனவே மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், அதைவிட மஞ்சளான, மங்கலான படத்தை நான் திணித்திருக்கிறேன். சிகிச்சை முடிந்த சில வாரங்களில், "என்னப்பா, இது இவ்வளவு நீலமா இருக்கு" என்று சொல்லி மோடை மாற்றச் சொன்னவரும் அவரேதான். இதை இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே வீட்டில் வயதானவர் யாராவது முன்பைவிட அதிக வெளிச்சம் கேட்கத் தொடங்கினால், அதை முதலில் ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அருகில் உள்ளதைப் படிப்பதற்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டே டிவி பார்ப்பவருக்கும், எந்த டிவியிலும் படம் கலங்கலாகத்தான் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குறைபாடு பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது. அது இருப்பதே தெரியாமல் நடுவயதுவரை வந்தவர்களும் உண்டு. நிறத்தைப் பற்றிய வாதம் முடிவில்லாமல் நீண்டால், இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிச்சம்

சாதாரணப் படங்களின் நிறமும் ஒளியும் மங்கலான அறையில், சுமார் 100 நிட் (திரையின் ஒளியை அளக்கும் அலகு) அளவு ஒளி கொண்ட திரையில் பார்த்துச் சரிசெய்யப்படுகின்றன. வெள்ளையின் சாயலைக் குறிக்கும் கெல்வின் அளவு 6,500 ஆக இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தொழிலின் பொதுவிதி. 'சினிமா', 'ஃபிலிம்மேக்கர்' போன்ற மோடுகள் இந்த அளவுகளுக்கு நெருக்கமாக இருப்பவை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் அவை அருமையாக இருக்கும். பகலில், சன்னல் திறந்திருக்கும் கூடத்தில் அதே மோடு செத்துப்போய்த் தெரிவதில் வியப்பில்லை. இரவில் பார்ப்பவரும் பகலில் பார்ப்பவரும் ஒரே மோடுக்காகச் சண்டையிடுவது தேவையற்றது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு மோடுகளை ஒதுக்கிவிடுங்கள். இரண்டிலும் வெள்ளையின் சாயலை மாற்றும் கலர் டோனை, நீலம் குறைந்த 'வார்ம்' பக்கம் வைக்கலாம். பகல் மோடில் ஒளியை மட்டும் கூட்டினால் போதும். நீலம் கலந்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு 'வார்ம்' முதல் நாளில் மஞ்சளாகத்தான் தெரியும். நான்கைந்து நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால், அவர் நேரத்தில் அவர் விருப்பப்படியே விட்டுவிட வேண்டும்.

இங்கே ஒரு பெயர்க்குழப்பம் பல வீடுகளில் படத்தைக் கெடுத்திருக்கிறது. பல டிவிகளில் 'பிரைட்னஸ்' என்ற அளவு திரையின் ஒளியைக் கூட்டுவதில்லை. கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. ஒளியைக் கூட்டுவது 'பேக்லைட்' என்ற வேறோர் அளவு. சில நிறுவனங்கள் இதற்கு நேர்மாறாகப் பெயர் வைத்திருக்கின்றன. இருண்ட காட்சி ஒன்றை நிறுத்திவைத்து, அளவைக் கூட்டிப் பாருங்கள். வெள்ளை அப்படியே இருக்க, கறுப்பு மட்டும் சாம்பல் நிறமாக மாறினால் அது கறுப்பின் அளவு. அதைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட்டு, ஒளிக்கான மற்ற அளவைத் தேடுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 'எக்கோ' வசதியும், அறை வெளிச்சத்தை அளக்கும் சென்சாரும் இயங்கிக்கொண்டிருந்தால், யாரும் தொடாமலே படம் மங்கிக்கொண்டிருக்கும். "யார் மாற்றியது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதற்கு முன் இவற்றை நிறுத்திப் பாருங்கள்.

ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் எச்டிஆர் படங்கள் பகலில் இருட்டாகத் தெரிகின்றன என்பது இன்னொரு பொதுவான குறை. எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷன் படங்களுக்குப் பல டிவிகளில் வெளிச்சமான அறைக்கும் இருண்ட அறைக்கும் தனித்தனி மோடுகள் இருக்கின்றன. எச்டிஆருக்கான அளவுகள் சாதாரணப் படத்தின் அளவுகளோடு சேராமல் தனியாகச் சேமிக்கப்படுவதால், அத்தகைய படம் ஓடும்போதுதான் அவற்றை மாற்ற வேண்டும்.

அசைவு

எல்லாச் சண்டைகளிலும் கடுமையானது இதுதான். திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டங்களாக, அதாவது 24 தனித்தனி நிலைப்படங்களாக எடுக்கப்படுகின்றன. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் 24 சரியாக வகுபடாது. அதனால் ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்த சட்டம் இரண்டு முறையுமாகக் காட்டப்பட்டு, கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தத்தித் தத்திப் போகிறது. 120 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒவ்வொரு சட்டத்தையும் ஐந்து முறை சீராகக் காட்ட முடியும். இந்தத் தத்தலை மறைப்பதற்காக, இரண்டு சட்டங்களுக்கு இடையில் இல்லாத சட்டங்களை டிவி தானே கணித்து உருவாக்கிச் செருகுகிறது. சாம்சங் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' என்றும், எல்ஜி 'ட்ரூமோஷன்' என்றும், சோனி 'மோஷன்ஃப்ளோ' என்றும் அழைப்பது இதைத்தான். சீரியல்களும் விளையாட்டுகளும் நெடுங்காலமாக நொடிக்கு 50 அல்லது 60 படங்கள் கொண்ட வீடியோவில் வந்துகொண்டிருப்பதால், அந்த வழுவழுப்பு நம் மனத்தில் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சினிமாவும் அப்படி ஓடும்போது சிலருக்கு அது சீரியல் போலத் தோன்றிவிடுகிறது.

2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இந்த வசதியை அணைத்துவிடும்படி ஒரு வீடியோவில் கேட்டுக்கொண்டனர். 2019இல் யுஎச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 'ஃபிலிம்மேக்கர் மோடு' என்பதை அறிவித்தது. அதில் இந்தக் கணிப்பும், கூடுதல் ஷார்ப்னஸும், படத்தில் உள்ள பொடிப்பொடியான இரைச்சலை நீக்கும் வசதியும் ஒரே தேர்வில் நின்றுவிடும். என் சொந்த விருப்பமும் அதுவே. ஆனால் என் அக்காவுக்கு அந்தத் தத்தல் தலைவலியைத் தருகிறது. அவரிடம் இயக்குநரின் நோக்கத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? முழுவதும் அணைப்பது, முழுவதும் இயக்குவது என்ற இரண்டு முனைகளுக்கு நடுவில் இடம் இருக்கிறது. பல டிவிகளில் தத்தலைக் குறைக்கும் 'ஜட்டர்' என்றும், அசைவில் வரும் கலங்கலைக் குறைக்கும் 'பிளர்' என்றும் இரண்டு அளவுகளைத் தனித்தனியாக மாற்றலாம். பத்து வரை செல்லும் அளவில் ஜட்டரை இரண்டு அல்லது மூன்றில் வைத்தால், தத்தல் குறையும். சீரியல் போன்ற தோற்றமும் வராது. எங்கள் வீட்டில் இருவரும் ஒப்புக்கொண்டது இரண்டில். விளையாட்டுக்கென்று தனி மோடு வைத்து, அதில் விருப்பம் போல் கூட்டிக்கொள்ளலாம். வீடியோ கேம் ஆடும் பிள்ளைகளுக்குக் 'கேம் மோடு' கட்டாயம் வேண்டும். மற்ற மோடுகளில் நடக்கும் கணிப்பு வேலைகளால், பொத்தானை அழுத்திய பிறகு திரையில் அசைவு தாமதமாகத்தான் வரும்.

திரையின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகள் ஒரு குறை என்று எண்ணி, படத்தை இழுத்து நிரப்புவோர் உண்டு. 2.39க்கு 1 என்ற அகலத்தில் எடுத்த படம் 16க்கு 9 திரையில் காட்டப்படும்போது, உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு கறுப்பாகத்தான் இருக்கும். அதை இழுத்தால் முகங்கள் நீளும். பெரிதாக்கினால் ஓரங்கள் வெட்டுப்படும். பழைய 4க்கு 3 படங்களில் பட்டைகள் பக்கவாட்டில் வரும்; அவற்றை இழுத்து நிரப்பினால் முகங்கள் அகலமாகும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் எடுத்துச் சொல்லுங்கள் என்பேன். முகம் அகலமாகிவிட்ட பழைய படத்தின் ஒரு காட்சியைச் சரியான அளவில் காட்டினால், பெரும்பாலானோர் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

வரும் வழி

டிவியைக் குறைசொல்வதற்கு முன், அதற்குள் என்ன வருகிறது என்று பாருங்கள். செட்டாப் பாக்ஸ் இன்னும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கேபிளில் இணைக்கப்பட்டிருந்தால், எச்டி சேனலும் எச்டியாக வராது. எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றி, பாக்ஸின் செட்டிங்ஸிலும் படத்தின் அளவை உயர்த்த வேண்டும். ஒரே சேனலின் சாதாரண வடிவமும் எச்டி வடிவமும் வெவ்வேறு எண்களில் வரும்போது, பழக்கத்தால் பழைய எண்ணையே அழுத்துபவர்கள் பலர். இணையத்தில் பார்ப்பவர்கள், செயலியின் டேட்டா பயன்பாடு குறைவாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் வேகத்தையும், முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் வேகத்தையும் பரிந்துரைக்கிறது.

ஒரு மாலையில் முடிவெடுப்பது

எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். எதையும் மாற்றுவதற்கு முன், இப்போதுள்ள ஒவ்வொரு செட்டிங்ஸ் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; பிடிக்கவில்லை என்றால் பழையபடி கொண்டுவர முடியும் என்ற உறுதி இருந்தால்தான், மற்றவர்கள் மனம் திறந்து பார்க்க ஒப்புவார்கள். பிறகு ஒருவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு, எது எந்த மோடு என்று சொல்லாமல், ஒரே காட்சியை மூன்று மோடுகளில் காட்டட்டும். மற்றவர்கள் பேசாமல் எண்ணை மட்டும் எழுதட்டும். பெயர் தெரியாதபோது, 'விவிட்' வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதும், சினிமா மோடை உயர்த்திப் பேசியவர் 'ஸ்டாண்டர்ட்' என்று எழுதுவதும் நடக்கக்கூடும். முகம், வானம், இருண்ட அறை ஆகிய மூன்றும் வரும் காட்சிகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

முடிவானதை அமைக்கும்போது, உங்கள் டிவி ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக மோடை நினைவில் வைத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பல டிவிகள் வைத்துக்கொள்ளும். அப்படியானால் அம்மாவும் அப்பாவும் பார்க்கும் செட்டாப் பாக்ஸ் அவர்கள் விரும்பும்படியும், இளையவர்கள் பயன்படுத்தும் ஸ்ட்ரீமிங் கருவி அவர்கள் விரும்பும்படியும் இருந்துவிடும். யாரும் மெனுவுக்குள் போகத் தேவையில்லை. எச்டிஎம்ஐயில் உள்ள சிஇசி வசதியை இயக்கினால், ஒரு ரிமோட்டை அழுத்தியவுடன் டிவியும் இயங்கிச் சரியான இணைப்புக்கு மாறிக்கொள்ளும். பெரியவர்களைப் பொறுத்தவரை படத்தின் தரத்தைவிட இதுவே பெரிது என்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் தாங்களே போட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பது அவர்களுக்கு மதிப்பு சார்ந்த விஷயம்.

ஒத்துக்கொண்ட அளவுகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, டிவிக்குப் பின்னாலோ மேசை இழுப்பறையிலோ தேதியோடு வைத்துவிடுங்கள். மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு சில டிவிகளில் அளவுகள் தாமாகவே மாறிவிடுவதுண்டு. அப்போது அந்தத் தாளைப் பார்த்து, வீட்டில் யார் வேண்டுமானாலும் திரும்ப அமைத்துக்கொள்ளலாம்.